எஸ் எழுத்தும் தோட்டத்துப் பிள்ளையும்

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறும் பஸ்ஸைப் பற்றித் தமிழில் எழுதச் சொன்னால் நம் பிள்ளைக்குத் தயக்கமில்லை. பஸ்ஸின் சக்கரம், பஸ்கள் வந்தன, பஸ்களின் சக்கரங்கள் என்று தெளிவாக எழுதிவிடுவான். அதையே ஆங்கிலத்தில் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. பஸ்ஸின், பஸ்கள், பஸ்களின் ஆகிய மூன்றுக்கும் அம்மொழியில் பஸ்ஸஸ் என்ற ஒரே ஓசைதான். வேறுபாடெல்லாம் ஏட்டில், எழுத்துக் கூட்டலிலும் அப்பாஸ்ட்ரபி என்னும் மேற்குறி விழும் இடத்திலும் இருக்கிறது.

எஸ் எழுத்தில் முடியும் பெயர்கள் தரும் தொல்லை இது. வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு இது எப்படி வரும் என்று ஆசிரியர் சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். நான் உடன்படேன். ஆங்கிலேயப் பிள்ளைக்கும் காது கைகொடுக்காத இடமல்லவா இது! சொல்லப்போனால், லயத்துப் பிள்ளை அவனைவிட ஒருபடி மேலே நிற்கிறான். பெயர் முன்னே, பன்மை அதன் பின்னே, வேற்றுமை உருபு கடைசியிலே என்ற ஒழுங்கு அவன் நாவிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தின் ஒழுங்கும் அதுவே. பெயரை முழுமையாக எழுது. பலவானால் பன்மையைச் சேர். அதன்பின் குறியை இடு. ஒருமையென்றால் குறிக்குப் பின் ஓர் எஸ். எஸ்ஸில் முடிந்த பன்மையென்றால் குறியோடு நிறுத்து. 'களின்' என்பதைக் காட்டியே இதை விளக்கிவிடலாம். ஆங்கிலப் பாடத்தில் தமிழ் வாடையே கூடாதென்று விலக்குவோர் கைவிளக்கை அணைத்துவிட்டு வழி தேடுகிறார்கள்.

ஆட்பெயர்களின் கதை வேறு. நம் ஊவாவிலேயே, வெலிமடையை அடுத்த குருத்தலாவையில், 1942இல் தொடங்கிய தோமஸ் கல்லூரி தன் பெயரில் எஸ்ஸுக்குப் பின் குறியிட்டு நிறுத்திக்கொள்கிறது. இலண்டனிலுள்ள செயின்ட் ஜேம்ஸ் பூங்கா குறிக்குப் பின் இன்னோர் எஸ் சேர்க்கிறது. நியூகாசில் நகரில் அதே பெயர் கொண்ட காற்பந்து மைதானம் சேர்ப்பதில்லை. இரண்டும் இங்கிலாந்திலேயே இருப்பவை. மொழிக்கு உரியவர்களே இணங்காத ஒன்றுக்காகப் பசறைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோடு இழுப்பது எந்த நியாயம்? எந்த வழக்கைக் கொண்டாலும் அதனைக் கட்டுரை முழுவதும் காத்தானா என்று மட்டும் பாருங்கள்.

'லைன்' என்ற சொல்லை லயமாக்கி, லயங்கள், லயங்களின் என்று ஆண்ட பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்கு இலக்கண அறிவு வராதென்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.