பிடுங்குவது குற்றமல்ல

"பொம்மையைப் பிடுங்கும் குழந்தையை மூலையில் உட்கார வைத்தால்தான் திருந்தும்" என்ற வாதம் அடிப்படையிலேயே தவறு. இரண்டு வயதில் பகிர்ந்துகொள்ளும் பக்குவமே வந்திருக்காது. வராத ஒன்றுக்குத் தண்டனை எதற்கு? அந்த வயதில் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதைப் பதிவு செய்துவிட்டார்.

குழந்தை பிடுங்கும்போது பிளேஸ்கூல் டீச்சர் தரையில் உட்கார வேண்டும். பிடுங்கிய கையை மெல்லப் பிடித்து, "அவன் வச்சிருக்கான், முடிச்சதும் உனக்கு" என்று சொல்லி, இன்னொரு பொம்மையை நீட்ட வேண்டும். ஒரே மாதிரி பொம்மைகள் இரண்டு மூன்று இருந்தாலே பல சண்டைகள் வராது. கடித்தால், அடித்தால் உடனே தடுக்கத்தான் வேண்டும். அதற்காக அவமானப்படுத்தக் கூடாது.

கண்டிப்பு கேட்பவர்கள், இருபது குழந்தைகளை ஒரே டீச்சரிடம் விடும் நிர்வாகங்களை முதலில் கண்டிக்கட்டும்.