கேட்டெழுதும் கல்வி

ஆசிரியர் வாசிக்க, மாணவர் எழுதிக்கொள்ள, பரீட்சையில் அதை அப்படியே திருப்பிக் கொடுப்பதே உயர்தரக் கல்வியென்று நம் நாட்டில் நெடுங்காலமாய் எண்ணப்பட்டு வருகிறது. குறுக்கு விசாரணை காணாத சாட்சியம் நியாயஸ்தலத்தில் மதிப்புப் பெறுவது அரிது. மாணவனோ காதில் விழுந்ததையெல்லாம் கேள்வியின்றி ஏற்கவேண்டுமாம்!

இதன் நஷ்டம் கணக்கிட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. விஞ்ஞான, கணித, என்ஜினீயரிங் வகுப்புகளைப் பற்றிய 225 ஆராய்ச்சிகளைத் திரட்டி அமெரிக்காவில் 2014-ல் வெளியான முடிவின்படி, பிரசங்கம் மட்டும் கேட்ட மாணவருள் நூற்றுக்கு 34 பேர் தவறினர். வகுப்பிலேயே வினவியும் விவாதித்தும் பயின்றவருள் தவறியோர் 22 பேரே.

பணத்துக்கு எங்கே போவது என்பர் சிலர். ஹார்வர்டு சர்வகலாசாலையின் பௌதிக ஆசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் கையாண்ட முறைக்குக் காசு வேண்டாம். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியே விடை சொல்வர். பின் அடுத்திருப்பவனோடு வாதித்து மறுபடி விடை சொல்வர். அதன் பிறகே விளக்கம். நமதூருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். உப்பளத்தில் கடல்நீர் காயும்போது முந்திப் படிவது உப்பா, ஜிப்சமா? உப்பென்று பாதிப்பேர் கைதூக்கக்கூடும். ஜிப்சம் முந்துவதை உப்பளத் தொழிலாளி அறிவார். அவர் மகன் அறுபது பேர் நடுவே வாய் திறக்க அன்றுதான் முதல் சந்தர்ப்பம் கிடைக்கலாம். ஏன் முந்துகிறது என்ற வாதத்திலேயே கரைதிறன் என்னும் பாடம் வந்துவிடும். அவ்வாதம் தமிழில் நடக்கும். இங்கிலீஷ் புத்தகத்தின் முன் ஊமையாய் உட்கார்ந்திருக்கும் கிராமத்து இளைஞருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

1977 முதல் நம் நகரிலுள்ள மீன்வளக் கல்லூரியைப் போன்ற கல்லூரிகளில், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ல் வகுத்த திட்டப்படி, இறுதியாண்டு மாணவர் கைப்பட வேலை செய்து கற்கின்றனர். சரித்திர மாணவரும் பொருளாதார மாணவரும் செய்த பாவம் என்ன? 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றதேன் என்று கடற்கரைக்குச் சென்று விசாரித்தெழுத அவர்களை அனுப்பலாகாதா?

மாணவரே முணுமுணுப்பர் என்பதும் உண்மை. ஹார்வர்டில் 2019-ல் சோதித்தபோது, இம்முறையில் அதிகம் கற்றவர்கள் தாம் குறைவாகக் கற்றதாகவே எண்ணினர். இதற்கு ஆசிரியர் மனந்தளரலாகாது. ஆனால் ஒப்பிப்பதற்கே மார்க்கு கிடைக்குமாயின் எவன் வாதத்தில் பொழுது போக்குவான்? ஆகவே மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலையார் வருகிற பரீட்சையிலேயே, குறிப்பேட்டில் விடை காணமுடியாத கேள்விகளுக்குக் கேள்வித்தாளில் பாதி இடமேனும் ஒதுக்குவாராக.