கதைக்குப் பேர் வைக்கச் சொன்னா தீர்ப்பு எழுதுறாங்கப்பா!

போன வாரம் பரணை ஒழிக்கும்போது ஒரு பழைய பத்திரிகை கிடைச்சுது. என் கதை முதன்முதலா (அநேகமா கடைசியாவும்) அச்சுல வந்தது அதுலதான். பத்திரிகை பேரு வேண்டாம், விடுங்க. நான் வெச்ச தலைப்பு 'கம்பி ஒடிஞ்ச குடை'. அச்சுல வந்தது 'தந்தையின் பாசம்!'. அந்த ஆச்சரியக்குறியும் அவங்க உபயம்தான்.

கதை இவ்வளவுதான். எங்க தாத்தாவும் அப்பாவும் ஆறு வருஷமா பேசிக்கலை. ஒருநாள் ராத்திரி செம மழை. கடைசி பஸ்ஸுல அப்பா வந்து இறங்கினா, தாத்தா குடையோட நிக்கிறார். ஒரே குடையில ரெண்டு பேரும் வீடு வரைக்கும் நடந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறமும் பேசலை. தாத்தா எதுக்குப் போனார்? பாசமா, பாட்டியோட நச்சரிப்பா, இல்ல, 'மகன் நனைஞ்சுட்டு வர்றான், அப்பன் திண்ணையில உக்காந்திருக்கான் பாரு'ன்னு ஊர் பேசுமேங்கிற பயமா? எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் கதையா எழுதினேன்.

பத்திரிகையை ஆசையா அப்பாகிட்ட நீட்டினேன். தலைப்பைப் பார்த்தார். "பாசமா? யாருடா சொன்னா உனக்கு?"ன்னு கேட்டுட்டு மடிச்சு வெச்சுட்டார். உள்ளே ஒரு வரி படிக்கலை. இன்னிக்கு வரைக்கும் படிக்கலை.

அந்தக் கடுப்பு பரண்ல இருந்து திரும்ப இறங்கிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

அய்யா சாமிகளா, தலைப்புங்கிறது கதையோட பேரு. கதைச் சுருக்கமோ நீதிபதியோட தீர்ப்போ இல்லை. 'மனிதம் சாகவில்லை', 'தாய்மை', 'வறுமையின் நிறம்', 'மாறாத மனங்கள்'னு வெச்சுட்டா அப்புறம் நான் எதுக்குங்க உள்ளே வரணும்? கதவுலயே கருத்தை ஒட்டிட்டீங்களே! (நானும் யோக்கியன் இல்லை. 'முகவரி தொலைத்த மேகங்கள்'னு ஒரு கதைக்கு பேர் வெச்சவன்தான். கதையில மேகமும் கிடையாது, முகவரியும் கிடையாது.)

கதவுன்னதும் கி.ரா. ஞாபகம் வருது. தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழட்டிட்டுப் போறாங்க. பிள்ளைங்க ஏறி ஆடி விளையாடின கதவு அது. நம்மாளு யாராவது எழுதியிருந்தா 'ஏழையின் கண்ணீர்'னு வெச்சிருப்பான். கி.ரா. வெச்சது 'கதவு'. அவ்வளவுதான். படிச்சு முடிச்சப்புறம் நம்ம வீட்டுக் கதவைப் பார்த்தாலே என்னவோ பண்ணுது.

தி.ஜா.வோட 'பாயசம்' எடுத்துக்குங்க. அண்ணன் மகன் நல்லா இருக்கானேன்னு வயிறெரியிற ஒரு பெரியவர், அவன் வீட்டுக் கல்யாணத்துல பாயசத்தைக் கவுத்து விட்டுட்டு, எலி விழுந்துடுச்சுன்னு சொல்றார். 'பொறாமை'ன்னு பேர் வெச்சிருந்தா முதல் பக்கத்துலயே அந்தாளை எடை போட்டு மூட்டை கட்டியிருப்போம். 'பாயசம்'னு இருக்கிறதால கடைசி வரைக்கும் அவர் கூடவே நடந்து, அந்த அண்டாவுல நாமளும் ஒரு கை வெச்ச மாதிரி ஆயிடுது.

சுஜாதாவோட 'நகரம்' இன்னும் மோசம் (நல்ல அர்த்தத்துலதான்). மதுரை பெரியாஸ்பத்திரிக்கு காய்ச்சல்காரப் பொண்ணைத் தூக்கிட்டு வந்த கிராமத்து அம்மாவை அறை அறையா அலைய விடுறாங்க. கடைசியில அவ சாமிக்கு நேர்ந்துக்கிட்டு திரும்பிப் போறா. 'இரக்கமற்ற நகரம்'னு வெச்சிருந்தா பழி ஊர் மேல விழுந்திருக்கும், நாம தப்பிச்சிருப்போம்.

ஒரு நண்பர் கேட்டார்: "எல்லாரும் கதவு, குடை, அண்டான்னு வெச்சா சிறுகதைத் தொகுப்பு பாத்திரக்கடை பட்டியல் மாதிரி இருக்காதா?" நியாயமான கேள்வி. பொருள் பேரே வைக்கணும்னு நான் சொல்லலை. 1934-ல புதுமைப்பித்தன் ஒரு சாக்கடைச் சந்தைப் பத்தி எழுதிட்டு 'பொன்னகரம்'னு பேர் வெச்சார். 1966-ல ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்'னு வெச்சார். புராணப்படி நெருப்புல இறங்கணும். இங்கே அம்மாக்காரி பொண்ணு தலையில தண்ணி ஊத்துறா. தலைப்பு ஒண்ணு சொல்லுது, கதை வேற ஒண்ணு சொல்லுது. ரெண்டும் முட்டிக்கிற இடத்துலதான் நமக்குப் பொறி தட்டுது. 'தந்தையின் பாசம்'ல எது எதோட முட்டும், சொல்லுங்க?

அந்தக் கதையோட தொடர்ச்சியா ஜே.கே. எழுதின தொடர் தினமணி கதிர்ல வந்தப்ப அதுக்குப் பேரு 'காலங்கள் மாறும்'. புத்தகமா வந்தப்பதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. முதல் தலைப்பு பஸ்ஸுல பக்கத்து சீட்டு பெருசு சொல்ற ஆறுதல் மாதிரி இருக்கு. ரெண்டாவது எந்த நேரம், எந்த மனுஷன்னு நம்மளைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. அவ்வளவு பெரிய மனுஷருக்கே ரெண்டாவது தடவைதான் சரியா அமைஞ்சுது.

தீர்ப்புத் தலைப்பு வைக்கிறவங்ககிட்ட காரணம் கேட்டா "வாசகனுக்குப் புரியணும்ல"ன்னு சொல்றாங்க. வாசகன் பேர்ல பழி போடாதீங்க. எங்கப்பா ரெண்டாம் ஃபாரம் வரைக்கும் படிச்சவர். தலைப்பு பொய் சொல்லுதுன்னு ஒரு நொடியில கண்டுபிடிச்சார்.

கதையை மறுபடி தட்டச்சு செஞ்சு வெச்சிருக்கேன். இந்தத் தடவை எதுக்கும் அவர்கிட்டயே கேட்டுடலாம்னு, "தாத்தா குடை எடுத்துட்டு வந்தாரே, அந்தக் கதைக்கு என்ன பேர் வைக்கலாம்?"னு கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசிச்சார். "அன்னிக்கு அந்தக் குடை என் பக்கமா சாஞ்சே இருந்துச்சு. அவரு ஒரு தோளு பூரா நனைஞ்சிருந்தார்"னாரு.

தலைப்பு மட்டும் சொல்லலை.