பக்கவாதத்துக்குப் பிறகு இதயத் துடிப்பைத் தேடும் கைபேசி

பக்கவாதம் வந்தவர் உயிர் பிழைத்து, கைகாலில் கொஞ்சம் அசைவு திரும்பியதும் மருத்துவர்கள் முன் அடுத்த கேள்வி நிற்கிறது. இது ஏன் வந்தது? காரணம் தெரிந்தால்தான் இரண்டாவது தாக்குதலைத் தடுக்கும் மருந்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். மூளை ரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில், வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோளாறு இதயத் துடிப்பில் இருக்கிறது. அது வந்து வந்து போவதால் பரிசோதனை செய்யும் நேரத்தில் தென்படுவதில்லை. அதைத் தேடிப் பிடிக்கும் வேலையில்தான் இப்போது கைபேசியும் சேர்ந்திருக்கிறது.

அந்தக் கோளாறு என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மேலறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளுகின்றன. இதயத்திலேயே உண்டாகும் ஒரு மின்துடிப்பு இந்தச் சுருக்கத்தைத் தொடங்கிவைக்கிறது. வயதானவர்கள், நெடுநாள் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் போன்ற சிலருக்கு மேலறைகளில் இந்த மின்னோட்டம் தாறுமாறாகிவிடும். அப்போது மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். மருத்துவர்கள் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். நாம் இங்கே மேலறை நடுக்கம் என்போம்.

நடுங்கும் அறையில் ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை உண்டு. தேங்கிய ரத்தம் பெரும்பாலும் அந்தப் பையில்தான் உறைந்து கட்டியாகிறது. கட்டி பெயர்ந்து ரத்தத்தோடு மேலேறினால் மூளையின் குழாய் ஒன்றை அடைக்கும். மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991இல் கணக்கிட்டது. இத்தனைக்கும் நடுக்கம் இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. படபடப்பு இருக்காது, வலி இருக்காது.

காரணத்தைத் தேடி இவ்வளவு மெனக்கெடுவது மருந்துக்காகத்தான். அடைப்பால் வந்த சாதாரணப் பக்கவாதத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவற்றைக் கொடுப்பார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை இவை தடுக்கும். தேங்கிய ரத்தம் உறைவது வேறு வழியில் நடக்கிறது. அதைத் தடுக்க வார்ஃபரின், அபிக்சபான் போன்ற உறைவெதிர்ப்பு மருந்துகள் வேண்டும். மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஆஸ்பிரின் குறைப்பதோ ஐந்தில் ஒரு பங்குதான்.

அப்படியானால் காரணம் தெரியாத எல்லோருக்கும் உறைவெதிர்ப்பு மருந்தையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நியாயமான கேள்விதான். 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான இரண்டு பெரிய பன்னாட்டு ஆய்வுகள் அதைத்தான் சோதித்தன. ஒன்றில் ரிவரோக்சபான், மற்றொன்றில் டாபிகாட்ரான். இரண்டுமே மறு பக்கவாதத்தைத் தடுப்பதில் ஆஸ்பிரினை மிஞ்சவில்லை. ரிவரோக்சபான் எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவும் கூடியது. ஆகவே எல்லோருக்கும் கொடுப்பது வழியல்ல. யாருக்கு நடுக்கம் இருக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல் நேரம். சாதாரண இ.சி.ஜி. பத்து விநாடிகளைத்தான் பதிவு செய்கிறது. அடுத்த படி ஹோல்டர்: மார்பில் மின்முனைகளை ஒட்டி, இடுப்பில் ஒரு சிறு பெட்டியைக் கட்டி, 24 மணி நேரமோ 48 மணி நேரமோ தொடர்ந்து பதிவு செய்வது. ஒருவருக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரம் நடுக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் ஹோல்டரில் அதன் சிறு பகுதியாவது சிக்குவதற்கு எட்டில் ஒரு வாய்ப்புதான் உண்டு. இப்படிப்பட்ட எட்டுப் பேரில் ஏழு பேரின் அறிக்கையில் ‘இயல்பு’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை நம்பிக் குடும்பமும் நிம்மதியாகிவிடும்.

நீண்ட நாள் தேடினால் விடை மாறுகிறது. 2014இல் வெளியான கிரிஸ்டல் ஏ.எஃப். ஆய்வில், காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களின் மார்புத் தோலுக்கு அடியில் ஒரு சிறு பதிவுக் கருவியைப் பொருத்தினார்கள். ஓராண்டில் 12.4 சதவீதத்தினருக்கு நடுக்கம் தெரிந்தது. வழக்கமான கண்காணிப்பில் இருந்தவர்களில் அது 2 சதவீதமே. மூன்றாண்டு கண்காணித்தபோது கருவி பொருத்தியவர்களில் 30 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் கருவி விலை அதிகம், பொருத்த ஒரு சிறு அறுவைச் சிகிச்சை வேண்டும், அதன் பதிவுகளைப் படிக்கத் தனி ஏற்பாடும் வேண்டும். உலகின் பெரும்பாலான பக்கவாத நோயாளிகளுக்கு அது எட்டாத பொருள்.

கைபேசி நுழைவது இந்த இடைவெளியில்தான். அது இரண்டு விதமாக வேலை செய்கிறது.

முதல் விதத்துக்குக் கைபேசி மட்டும் போதும். பின்பக்கக் கேமராவின் மேல் விரல் நுனியை வைத்தால் பக்கத்தில் உள்ள விளக்கு விரலுக்குள் ஒளி பாய்ச்சும். ஒவ்வொரு துடிப்பிலும் விரலின் நுண்குழாய்களில் ரத்தம் நிறையும். அது ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். படம் ஒரு கணம் லேசாக இருளும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்ற இறக்கத்தைக் கேமரா பிடித்து அலையாக வரைகிறது. அலைமுகடுகளுக்கு இடையே உள்ள நேரத்தைச் செயலி அளக்கிறது. இடைவெளிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறிக்கொண்டே இருந்தால், மேலறை நடுக்கமாக இருக்கலாம் என்று எச்சரிக்கிறது. இங்கே ‘இருக்கலாம்’ என்ற சொல் முக்கியம். இது நாடியை மட்டுமே பார்க்கிறது, இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்ப்பதில்லை. நல்ல இதயத்திலும் அவ்வப்போது முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் உண்டு. அவை இந்த முறையை ஏமாற்றிவிடும். குளிர்ந்த விரலும் நடுங்கும் கையும் அலையைக் கெடுக்கும்.

இரண்டாவது விதத்துக்குக் கைபேசியோடு இணையும் சிறு பட்டை ஒன்று தேவை. அலைவ்கோர் நிறுவனத்தின் கருவி இதில் பரவலாக அறியப்பட்டது. அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்றது. பட்டையில் இரண்டு உலோகத் தகடுகள். இடக்கை விரலை ஒன்றிலும் வலக்கை விரலை மற்றொன்றிலும் முப்பது விநாடி வைத்தால், இரண்டு கைகளுக்கும் இடையே உள்ள மின்வேறுபாடு கைபேசியில் கோடாக ஓடும். இது உண்மையான இ.சி.ஜி.தான், ஒற்றைக் கோணத்தில் எடுத்தது. மேலறை சுருங்கும்போது இ.சி.ஜி.யில் எழ வேண்டிய சிறு மேடு காணாமல் போயிருக்கிறதா என்று மருத்துவர் இதில் பார்க்க முடியும். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, நோயை உறுதி செய்ய இப்படி முப்பது விநாடியாவது நீளும் இ.சி.ஜி. பதிவை ஏற்கிறது. கேமரா வழி நாடிப் பதிவை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட அது இடம் கொடுக்கவில்லை.

பக்கவாதம் வந்தவர் வீட்டில் இது எப்படி நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு கை செயலிழந்தவரால் இரண்டு தகடுகளிலும் தானாக விரல் வைக்க முடியாது. பட்டையை மேசைமேல் வைத்து, வராத கையை மகனோ மருமகளோ தூக்கி வைத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அப்போது உதவுபவரின் விரல் தகட்டில் படக் கூடாது. பட்டால் பதிவு கலங்கிவிடும். இன்னொன்று, வீட்டில் இருப்பவர்கள் ஆசைக்குத் தங்கள் விரலையும் வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பதிவுகளும் நோயாளியின் பெயரிலேயே சேர்ந்து, படிக்கும் மருத்துவரைக் குழப்பும்.

இந்த முறை பயன் தருகிறதா என்பதை மலேசியாவில் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில், கடந்த ஓராண்டுக்குள் அடைப்புப் பக்கவாதமோ அதன் தற்காலிக வடிவமோ வந்த, 55 வயது கடந்த 203 பேர் பங்கேற்றார்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முப்பது நாள் கைபேசி இ.சி.ஜி. கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இன்னொரு முறை 24 மணி நேர ஹோல்டர். கைபேசிப் பிரிவில் 9.5 சதவீதத்தினருக்கு நடுக்கம் தெரிந்தது, ஹோல்டர் பிரிவில் 2 சதவீதத்தினருக்கு. ஆஸ்திரேலியா, சீனா, ஹாங்காங் மருத்துவமனைகளில் நடந்த வேறோர் ஆய்வில், வார்டு செவிலியர்கள் ரத்த அழுத்தம் பார்க்க வரும்போதே இந்தப் பதிவையும் எடுத்துவிட்டார்கள். அங்கும் ஹோல்டரை விட ஏறத்தாழ மூன்று மடங்கு பேரிடம் நடுக்கம் பிடிபட்டது.

கைபேசிக்கும் கண்ணில் படாத நேரங்கள் உண்டு. காலை ஏழு, நண்பகல், மாலை ஐந்து, இரவு பத்து என நான்கு முறை பதிவு செய்பவருக்கு, பகலில் ஆறு மணி நேரம் நீளும் நடுக்கம் எப்படியும் மாட்டிக்கொள்ளும். அதுவே நள்ளிரவில் தொடங்கி விடியலில் நின்றுவிட்டால் எதிலும் பதியாது. பத்தே நிமிடம் நீடிக்கும் நடுக்கம் சிக்க முப்பத்தாறில் ஒரு வாய்ப்புதான். ஆகவே ஒரு மாதம் முழுதும் ‘இயல்பு’ என்றே வந்தாலும் நடுக்கம் இல்லை என்று பொருளாகாது. அதற்குப் பிறகும் தேட வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் தீராத கேள்வி ஒன்றும் இருக்கிறது. கண்டுபிடிப்பதால் மறு பக்கவாதம் குறைகிறதா? மலேசிய ஆய்வு அதைச் சொல்லும் அளவுக்குப் பெரியதல்ல. டென்மார்க்கில் 70 முதல் 90 வயதுக்குட்பட்ட 6,000 பேரிடம், தோலுக்கடியில் பொருத்தும் கருவியைக் கொண்டு சோதித்த லூப் ஆய்வு 2021இல் வெளிவந்தது. கருவி பொருத்தாதவர்களோடு ஒப்பிட்டால், பொருத்தியவர்களில் சுமார் மூன்று மடங்கு பேரிடம் நடுக்கம் தெரிந்தது. பக்கவாதம் 5.6 சதவீதத்திலிருந்து 4.5 ஆகக் குறைந்தது. ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பக்கவாதம் வராதவர்கள். ஒருமுறை வந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால் பலனும் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. எதிர்பார்ப்பை நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவே.

இத்தனையும் வைத்துப் பார்க்கும்போது, காரணம் தெரியாமல் வீடு திரும்பும் பக்கவாத நோயாளிக்கு, பொருத்தும் கருவி எட்டாத இடங்களில், கைபேசி இ.சி.ஜி. கொடுத்து அனுப்புவது தகும் என்றே தோன்றுகிறது. செயலியின் எச்சரிக்கையைப் பார்த்து யாரும் தாங்களாக மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை தளர்ந்தாலோ கைபேசியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பக்கவாதம் வந்துவிட்டதா என்பதை இந்தச் செயலிகள் சொல்லாது. கருவியின் விலையை விடக் கடினமான பகுதி, வந்து குவியும் பதிவுகளைப் படிப்பது. ஒருவர் நாளுக்கு நான்கு முறை எடுத்தால் மாதத்துக்கு நூற்றிருபது கோடுகள். அவற்றை யார், எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்று மருத்துவமனை முடிவு செய்து, அந்தப் பெயரையும் எண்ணையும் நோயாளி வீடு திரும்பும் நாளிலேயே குடும்பத்தின் கையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.