பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு தடையே

வெங்காயம் ஏற்றிவரும் லொறியை மறிக்க வேண்டியதில்லை. "இறக்கிப் பார்க்க வேண்டும், பொறுங்கள்" என்ற ஒரு சொல் போதும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் காத்துக் கிடந்த எமது மக்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. ஒரு சாக்கும் பறிபோகாது. தடை என்று எவரும் எழுதித் தரவும் மாட்டார்கள். ஆனால் இரண்டு நாள் வெயிலில் கிடந்த மரக்கறியை யார் வாங்குவார்? அடுத்த முறை அந்த வியாபாரி வேறு பாதையால் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

நாடுகளுக்கு இடையிலான ஆடை வியாபாரத்திலும் இதே சங்கதி நடந்திருக்கிறது. அதில் அகப்பட்டவர்கள் வியட்நாமின் தையல் தொழிலாளர்கள். அவர்களிற் பெரும்பாலானோர் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். காணி இன்னும் கைக்கு வராத எமது குடும்பங்கள் சிலவற்றில், விடியமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போகும் மகளின் சம்பளத்திலேதான் அடுப்பெரிகிறது. அதனாலேயே வியட்நாமின் கதையை இங்கே எழுதுகிறோம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1974ஆம் ஆண்டில் பல்நார் ஒப்பந்தம் என்ற ஓர் ஏற்பாடு வந்தது. எந்த ஏழை நாடு எத்தனை சட்டை, எத்தனை காற்சட்டை அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் அளவு குறித்தன. அந்த அளவுக்குக் கோட்டா என்று பெயர். ஹொங்கொங் போன்ற இடங்களின் கோட்டா நிரம்பியபோது, அங்குள்ள முதலாளிமார் கோட்டா மிச்சமிருந்த நாடுகளைத் தேடினார்கள். 1977இன் பின்னர் இலங்கைக்கு ஆடைத் தொழிற்சாலைகள் வந்ததற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். 1992இல் கிராமப்புறங்களில் 200 ஆடைத் தொழிற்சாலைகளை அமைக்கும் திட்டம் தொடங்கியபோதும், கோட்டாவைக் காட்டியே முதலாளிமாரை அழைத்தார்கள். இந்தக் கோட்டா முறை படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2005 ஜனவரி 1இல் முடிந்தது.

முடிந்தது என்றுதான் கடதாசியில் இருக்கிறது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் ஷங்காயில் கூடி, பத்து வகைத் துணிகளுக்கும் ஆடைகளுக்கும் 2007 முடியும்வரை மீண்டும் அளவு குறித்துக்கொண்டன. சில வாரங்களில் பல வகைகளின் அளவு நிரம்பிவிட்டது. ஏறத்தாழ 8 கோடி உருப்படிகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கிக் கிடந்தன. அவற்றுக்கு ஓடர் கொடுத்தவர்கள் ஐரோப்பியக் கடைக்காரர்களே! செப்டெம்பரில் மீண்டும் பேசித்தான் அவற்றை விடுவித்தார்கள். பாதியை அடுத்த ஆண்டுக் கணக்கில் எழுதினார்கள்.

வியட்நாமுக்கு நேர்ந்தது வேறு விதமானது. 2003 முதல் ஐக்கிய அமெரிக்கா அந்நாட்டு ஆடைகளுக்குக் கோட்டா வைத்திருந்தது. 2007 ஜனவரி 11இல் வியட்நாம் உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்ததும் அந்தக் கோட்டா அற்றுப்போனது. அதற்கு முன்னரே, 2006இல், வியட்நாமுடன் வழமையான வர்த்தக உறவை நிரந்தரமாக்கும் சட்டமூலம் அமெரிக்க செனற் சபைக்கு வந்திருந்தது. நெசவாலைகள் நிறைந்த வட கரோலைனாவின் செனற்றர் எலிசபெத் டோலும் தென் கரோலைனாவின் செனற்றர் லின்ட்சே கிரஹாமும் அதை மறித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த ஜனாதிபதி புஷ்ஷின் அரசாங்கம் ஒரு வாக்குறுதி கொடுத்தது. வியட்நாம் ஆடைகளின் வரவை வர்த்தகத் திணைக்களம் கண்காணிக்கும். நியாயமற்ற மலிவு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுவதாகத் தெரிந்தால், அரசாங்கமே வழக்கைத் தொடங்கும் என்பதே அந்த வாக்குறுதி.

வழமையில் பாதிக்கப்பட்ட தொழிற்சாலைகள்தான் ஆதாரத்தோடு முறையிட வேண்டும். இங்கே முறைப்பாட்டுக்காரரும் விசாரணைக்காரரும் ஒருவரே ஆனார்கள். காற்சட்டை, சட்டை, உள்ளாடை, நீச்சலுடை, சுவெற்றர் என ஐந்து வகைகள் கண்காணிக்கப்பட்டன. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மீளாய்வு.

வரி ஒரு சதமும் விதிக்கப்படவில்லை. அப்படியானால் என்ன நட்டம் என்று கேட்கலாம். ஆடைக்கு ஓடர் கொடுப்பது பல மாதங்களுக்கு முன்னர். கொட்டுதலுக்கு எதிரான வரி வந்தால் அதைக் கட்டுவது தைத்த தொழிற்சாலையல்ல, இறக்குமதி செய்தவர். சில வேளைகளில் ஏற்கெனவே வந்திறங்கிய பொருளுக்கும் பின்னோக்கி வரி விழலாம். வருமோ வராதோ என்று தெரியாத வரியை நம்பி எந்த வியாபாரி ஓடர் கொடுப்பார்? அமெரிக்க இறக்குமதியாளர்களும் கடைக்காரர்களும் இந்தத் திட்டத்தை எதிர்த்தது இதனாலேயே.

பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. 2003இல் வியட்நாமின் மீகொங் ஆற்றுப் பகுதி மீன் வளர்ப்போர் இதே சட்டத்தில் அகப்பட்டிருந்தார்கள். வியட்நாமில் சந்தை சரியாக இயங்கவில்லை, ஆகவே அந்நாட்டுக் கணக்குகளை நம்ப முடியாது என்று கூறி, பங்களாதேஷில் அதே மீனை வளர்க்க என்ன செலவாகும் என்று பார்த்து விலை கட்டினார்கள். தன் குளத்தில் தான் போட்ட தீனிக்கு வேறு நாட்டு விலையில் கணக்கு! முடிவில் ஏறத்தாழ 37 வீதத்திலிருந்து 64 வீதம் வரை வரி விழுந்தது. இதைக் கண்ட ஆடைக்காரர்கள் பயப்படாமல் இருப்பார்களா?

கண்காணிப்பின் முடிவு என்ன? 2007 ஒக்ரோபரில் முதல் மீளாய்வு. வழக்குத் தொடங்கப் போதிய ஆதாரம் இல்லை. 2008 மே மாதம் இரண்டாவது மீளாய்வு, அதே பதில். 2009 ஜனவரியில் புஷ்ஷின் பதவிக் காலத்தோடு திட்டமும் முடிந்தது. ஒரு வழக்கும் தொடங்கப்படவில்லை. குற்றம் இல்லை என்று கண்டார்கள், ஆனால் சந்தேகத்தில் கழிந்த இரண்டு ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

கரோலைனா நெசவாலைத் தொழிலாளியின் துயரத்தை நாம் பொய் என்று சொல்லவில்லை. 2003 ஜூலையில் பிலோடெக்ஸ் என்ற துவாய், படுக்கைவிரிப்பு ஆலை மூடப்பட்டபோது 6,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் ஒரு நாளில் போவது என்னவென்று எமக்குத் தெரியும். ஆனால் அந்த நெசவாலைகள் செய்தவை பெரும்பாலும் நூலும் துணியும். கண்காணிக்கப்பட்டவையோ தைத்த ஆடைகள். ஒருவரின் புண்ணுக்கு இன்னொருவரின் காலில் கட்டுப் போட்டால் யாருக்குச் சுகம் வரும்?

ஏற்றுமதியைக் கண்காணிக்கக் கூடாது என்பதல்ல எமது நிலைப்பாடு. முதலில் பாதிக்கப்பட்டவர் ஆதாரத்தோடு வரவேண்டும். எதைப் பார்க்கிறார்கள், எந்த அளவைத் தாண்டினால் வழக்கு, எப்போது முடியும் என்பவை முன்கூட்டியே பகிரங்கமாக இருக்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. இந்தத் திட்டத்தில் சட்டையின் தொகையும் விலையும் எண்ணப்பட்டன. அதைத் தைத்தவரின் சம்பளமும் வேலை நேரமும் அந்தக் கணக்கில் இல்லை. மலிவு எங்கிருந்து வருகிறது என்று உண்மையாகவே அறிய விரும்பியிருந்தால், அங்கேயல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்!

வியட்நாமுக்கு இடைஞ்சல் வந்தால் ஓடர் எமக்கு வரும் என்று இங்கே சிலர் கணக்குப் போடுவதுண்டு. 2025 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்த வரி வியட்நாமுக்கு 46 வீதம், இலங்கைக்கு 44 வீதம். ஆகஸ்டில் இரண்டுக்கும் 20 வீதம் என்று வந்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களும் ஓடர் வருமா, வராதா என்று இரண்டு நாட்டுத் தொழிற்சாலைகளிலும் ஒரே கேள்விதான்.

ஆள் சேர்க்கக் கிராமத்துக்கு வருபவர்களிடம் சம்பளம், பஸ், சாப்பாடு பற்றி விசாரிக்கிறோம். அத்தோடு வேறு சிலவற்றையும் விசாரிக்க வேண்டும். எந்த நாட்டுக்குத் தைக்கிறீர்கள்? ஒரே நாட்டுக்கா, பல நாடுகளுக்கா? ஓடர் குறைந்தால் அடிப்படைச் சம்பளம் தொடர்ந்து வருமா? ஊழியர் சேமலாப நிதி எந்த மாதத்திலிருந்து கட்டுவீர்கள்? தனியே ஒரு வீட்டார் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். மாதர் சங்கக் கூட்டத்துக்கு அவர்களை அழைத்து, எல்லோர் முன்னும் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி ஒப்பம் வாங்குவது நல்லது.