ஐப்பசிப் பறவைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: கோடியக்கரைக் கடலோரம் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கோடியக்கரை, கோடியக்காடு, வேதாரண்யம் பகுதிகளில் பறவைகளைக் கவனித்துப் பதிவு செய்துவரும் சங்கம்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாகப்பட்டினம்.
உயர்திரு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள், சென்னை.
உயர்திரு வன உயிரினக் காப்பாளர் அவர்கள், நாகப்பட்டினம்.

பொருள்: கோடியக்கரை வன உயிரினச் சரணாலயம் – புரட்டாசி முதல் கார்த்திகை வரை கடலோரமாகக் கடந்து செல்லும் வலசைப் பறவைகளைக் கணக்கெடுத்தல், அவற்றுக்கும் அரிய வகைப் பறவைகளுக்கும் பாதுகாப்பு அளித்தல் – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கோடியக்கரைப் பறவை சீசன் என்றால் மார்கழியும் தையும்தான் என்ற எண்ணம் அரசு அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியை ஒட்டி நடக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களும் பொங்கல் விடுமுறையில்தான் வருகிறார்கள். தையில் கணக்கெடுப்பதை நாங்கள் குறை கூறவில்லை. குளிர்காலத்தை இங்கேயே கழிக்கத் தங்கிவிட்ட பறவைகளின் தொகை அதில் கிடைக்கிறது, அது தொடர வேண்டும். ஆனால் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் இறங்கி, இரண்டொரு நாள் இளைப்பாறி, இரை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விடும் பறவைகள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. கணக்கில் இல்லாத பறவைக்கு ரோந்தும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, நிதியும் கிடையாது. இந்த மனுவில் உள்ள எல்லாக் கோரிக்கைகளுக்கும் இதுவே அடிப்படை.

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கிவந்து, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, அதற்கு அப்பால் இலங்கை. கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வரும் பறவைக்கு இந்த முனையோடு தரை முடிந்துவிடுகிறது. மேற்கே திரும்பலாம், கடலைத் தாண்டலாம், அல்லது காற்றும் மழையும் ஒத்துவரும்வரை இங்கேயே காத்திருக்கலாம். அதனால்தான் இந்தச் சிறு முனையில், அதுவும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில், வேறு எங்கும் சேர்ந்து பார்க்க முடியாத பறவைகள் ஒரே காலையில் கண்ணில் படுகின்றன. தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும் அலையோரமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் காட்டுக்குள் கொடிக்கால் வாலாட்டியும் அரசவால் ஈப்பிடிப்பானும் புதிதாக வந்து இறங்கியிருக்கும்.

ஆறுமணிக்குருவியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். வடக்கிலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருகிற பறவை. ஐப்பசியில் விடிந்து பார்த்தால் கொல்லைப்புறத்திலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும். பச்சை முதுகு, கட்டை வால், வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு. கிட்டே போனாலும் பறக்காது; இரண்டு தத்து தத்திவிட்டு நின்றுவிடும். நாயும் பூனையும் அண்டாதபடி கோழிக்கூடையைக் கவிழ்த்து வைத்து, இருட்டியதும் திறந்துவிடும் வீடுகள் எங்கள் ஊர்களில் உண்டு. இத்தனை வீடுகளுக்குத் தெரிந்த ஒரு வரவு எந்த அரசுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கரைப்பறவைகளில் விஷயம் இன்னும் நுட்பமானது. வடதுருவத்துத் தூந்திரப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் போன்றவற்றில் தாய் தந்தைப் பறவைகள் முதலில் கிளம்பிவிடும். அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகள், வழிகாட்ட யாரும் இல்லாமல், சில வாரம் கழித்துத் தனியே வந்து சேரும். புரட்டாசி, ஐப்பசியில் இறகின் நிறத்தையும் அதன் விளிம்பையும் பார்த்தே இளையது எது, மூத்தது எது என்று பிரித்துவிடலாம். தை மாதத்துக்குள் இறகு மாறிவிடுவதால் அந்த வேறுபாடு மங்கிவிடும். ஆகவே, அங்கே வடக்கில் அந்த ஆண்டு குஞ்சுகள் பிழைத்தனவா இல்லையா என்பதை நம் சேற்றில் நின்றே ஓரளவு அறிய ஒரு பருவம் இருக்கிறது. அதைத்தான் நாம் ஆண்டுதோறும் வீணாக்குகிறோம்.

எனவே எங்கள் முதல் வேண்டுகோள்: செப்டம்பர் முதல் நவம்பர் முடிய, பத்து நாளைக்கு ஒரு முறை, குறித்த இடங்களில், குறித்த நேரத்தில் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். முனியப்பன் ஏரி, சிறுதலைக்காட்டுச் சதுப்பு, உப்பளப் பாத்திகள், கடற்கரை முனை, ராமர் பாதத்தை ஒட்டிய காடு ஆகிய இடங்களை நாங்கள் முன்மொழிகிறோம். எண்ணிக்கையோடு நீரின் ஆழம், உப்புத்தன்மை, காற்றின் திசை மூன்றையும் சேர்த்துப் பதிய வேண்டும். வேதாரண்யம் சதுப்பில் நீர் ஏறுவதும் வடிவதும் காற்றைப் பொறுத்தது. நேற்று சேறாகக் கிடந்த இடம் இன்று முழங்கால் தண்ணீராக இருக்கும். காற்றைக் குறிக்காமல் எடுத்த எண்ணிக்கையை வைத்துப் பறவை கூடியதா குறைந்ததா என்று சொல்வதில் பொருளில்லை. ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும் என்பதை அறிவோம். எங்கள் உறுப்பினர்கள் ஊதியம் எதிர்பாராமல் வருவார்கள். துறை தர வேண்டியது அனுமதியும், ஒரு வனக்காவலரும், ஒரே மாதிரியான படிவமும்தான்.

இரண்டாவது, வளையமிடும் பணி. பறவைகள் வழியாக நோய்க்கிருமிகள் பரவுகின்றனவா என்று அறிய, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு, சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 வாக்கில் வலசை ஆய்வைத் தொடங்கியது. 1960களின் பிற்பகுதியிலிருந்து கோடியக்கரை அந்த ஆய்வின் முக்கியக் களமாயிற்று. நம் ஊர்க்காரர்கள் பலர் அந்த முகாம்களில் வலை கட்டவும், பறவையைக் காயம் படாமல் வலையிலிருந்து எடுக்கவும் பழகினார்கள். இருபத்தைந்து கிராம்கூடத் தேறாத கொசு உள்ளானைக் கழுத்து இரு விரலுக்கிடையில் வரும்படி பிடித்து, காலில் அலுமினிய வளையத்தை இடுக்கியால் நெரிக்காமல் மூடும் கை அது. அந்தக் கை பழகியவர்களுக்கு வயதாகிவிட்டது. வலசைக் காலம் முழுவதும் இயங்கும் நிரந்தர வளையமிடும் நிலையம் ஒன்றை இங்கே நடத்தவும், உள்ளூர் இளைஞர்களை அதில் பயிற்றுவிக்கவும் வேண்டுகிறோம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி ஆய்வுக்குத் தேவையான அனுமதிகளை ஆகஸ்டு இறுதிக்குள் வழங்கிவிட வேண்டும். கார்த்திகையில் கைக்கு வரும் அனுமதியால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை. வளையத்தோடு பறவை கிடைத்தால் யாரிடம் சொல்வது என்று மீனவர்களுக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் தெரிவிக்கும் தமிழ்ப் பலகை ஒன்றையும் படகுத்துறையில் வைக்கக் கோருகிறோம். வளையத்தில் பொறித்திருப்பது ஆங்கிலம். பறவையைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் தமிழ் மட்டும் படிப்பவர்.

அரிய பறவைகள் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரண்டிமூக்கு உள்ளான் ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் குஞ்சு பொரிக்கும் சிறு பறவை. உலகம் முழுவதிலும் சில நூறுதான் மிஞ்சியிருக்கின்றன. அழிவின் விளிம்பில் உள்ள இனம். சென்ற நூற்றாண்டின் இறுதியில் கோடியக்கரையில் அதைப் பிடித்து வளையமிட்டிருக்கிறார்கள். குளிர்கால இறகோடு இருக்கும்போது அதைக் கொசு உள்ளானிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. பக்கவாட்டில் பார்த்தால் அலகு சாதாரணமாகவே தெரியும். நம்மை நோக்கித் திரும்பி நிற்கும் நொடியில்தான் நுனி தட்டையாக விரிந்திருப்பது புலப்படும். ஆயிரக்கணக்கான உள்ளான்கள் மேயும் சேற்றில் அந்த ஒன்றைத் தேட வேண்டும் என்றால் தொலைநோக்கியும் முக்காலியும் மட்டும் போதாது, கூட்டம் கலையாமல் நீண்ட நேரம் உட்கார விட வேண்டும்.

நடப்பதோ வேறு. அரிதான பறவை ஒன்று தென்பட்டது என்ற செய்தி கைபேசியில் பரவிய மறுநாளே கார்கள் வரிசையாக நிற்கின்றன. படத்துக்காகச் சேற்றுக்குள் இறங்கிப் பறவையை எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்; டிரோன் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து இளைத்து வந்த பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் சேர்த்துவைத்த கொழுப்பில் நட்டம். படம் எடுப்பவர்கள் எதிரிகள் அல்லர். எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் தோளில் கேமரா மாட்டியவர்கள்தான். ஆனாலும் ஒழுங்கு வேண்டும். அரிய பறவை தென்பட்டால் முதலில் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிப்பது, துல்லியமான இடத்தைப் பறவை கிளம்பிப்போகும்வரை வெளியிடாமல் இருப்பது, ஒரு நேரத்தில் குறைந்த ஆட்களையே மேட்டிலிருந்து மட்டும் பார்க்க அனுமதிப்பது, டிரோனை அறவே தடுப்பது என்று எழுத்துபூர்வமான நடைமுறை ஒன்றை வெளியிட வேண்டும். கூடவே, பதிவுகளைச் சரிபார்க்க ஒரு சிறு குழுவும் தேவை. படமோ தெளிவான குறிப்போ இல்லாத பதிவை ஏற்கக் கூடாது. எங்கள் சங்கத்தின் பதிவாக இருந்தாலும் சரி.

அடுத்தது தண்ணீர். 2002இல் கோடியக்கரை ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது, 38,500 எக்டேர். 2022 வரை தமிழ்நாட்டின் ஒரே ராம்சார் தளம் இதுவே. இந்தப் பரப்பின் உயிர்நாடி மழைநீரும் காவிரிக் கடைமடை வடிநீரும் கடல்நீரும் கலக்கும் அளவில் இருக்கிறது. ஐப்பசி மழையில் சதுப்பின் உப்பு இறங்கினால்தான் புழுவும் இறாலும் சிறு மீனும் பெருகும். வடிகால்கள் தூர்ந்தோ, பாத்தி வரப்புகளால் மறிக்கப்பட்டோ நன்னீர் உள்ளே வராமல் போனால் மழை பெய்தும் பறவைக்கு இரை இல்லை. உப்பளம் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய மண் இது. இன்றும் பல குடும்பங்களுக்கு உப்பளம்தான் சோறு. ஆழமில்லாத பாத்திகளில் பூநாரை மேய்வதை நாங்களே நாள்தோறும் பார்க்கிறோம். எங்கள் கோரிக்கை குறுகியது: மழையால் உப்பு உற்பத்தி நின்றிருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சதுப்பை ஒட்டிய சில பாத்திகளில் நீர் மட்டத்தை விரற்கடை அளவிலிருந்து கணுக்கால் அளவுவரை வைத்திருக்க உப்பு உற்பத்தியாளர்களோடு ஆட்சியர் தலைமையில் உடன்பாடு காண வேண்டும். பூநாரை முழங்கால் ஆழத்திலும் நின்று மேயும். கொசு உள்ளானுக்கு ஒரு விரற்கடைக்கு மேல் போனால் இடமில்லை. உப்பெடுத்த பின் மிஞ்சும் கசப்பு நீரை மேய்ச்சல் சேற்றுக்குள் திறந்துவிடுவதைத் தடுக்க வேண்டும். ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள் 2017இல் இருந்தே நடைமுறையில் உள்ளன.

வேட்டையைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை, தாங்கள் அறிந்ததே. சம்பா நடவு வயல்களிலும் சதுப்பின் மேற்கு விளிம்பிலும் இரவில் வலை கட்டுகிறார்கள். கொக்கு, உள்ளான், வாத்து எதுவும் தப்புவதில்லை. பிடிபடுகிறவர்கள் ஏழைகள், பறவைக் கறியை வாங்குகிறவர்கள் அவர்கள் அல்லர். வழக்கு பிடிக்கிறவர் மீது மட்டும் பாயாமல், விற்கும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் சோதனை நடக்க வேண்டும். இரவு ரோந்து மார்கழியில் தொடங்கினால் தாமதம். புரட்டாசியிலேயே தொடங்க வேண்டும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடி சீசன். வெளியூர் மீனவர்களும் குடும்பத்தோடு வந்து தங்கும் காலம் அது. அவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், தண்ணீர் வேண்டும், குப்பை அள்ள ஆள் வேண்டும். பறவைகளைக் காரணம் காட்டி அவர்களை நெருக்குவதை நாங்கள் ஏற்க மாட்டோம். உயர்கோபுர விளக்குகளின் ஒளி மேல்நோக்கிச் சிதறாதபடி மூடியிட்டுத் தரையை நோக்கித் திருப்பினாலே போதும். மேகமூட்டமும் தூறலுமான இரவுகளில் வெளிச்சத்தில் மயங்கிச் சுற்றும் பறவைகள் பல பிழைக்கும், மீனவருக்கும் தரை நன்றாகத் தெரியும். கரையில் கிடக்கும் அறுந்த நைலான் வலைகளை எடைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் ஊராட்சி மூலம் செய்து தர வேண்டும்.

கஜா புயல் 16.11.2018 அன்று இந்தக் கரையைத் தாக்கியபோது காட்டின் மரங்கள் பெருமளவு சாய்ந்தன. கடலோரமாக வந்து சேரும் சிறு பறவைகளுக்கு முதலில் தேவை நிழலும் பழமும் பூச்சியும். இடைவெளிகளைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்ளும் முன் பாலை, உகா, நாவல் போன்ற இம்மண்ணின் மரங்களை நட வேண்டும். சீமைக்கருவேலத்தை அகற்றும் இயந்திர வேலையைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசியில் வேண்டாம்.

2020 பிப்ரவரியில் காந்திநகரில் வலசை உயிரினங்களுக்கான உலக மாநாட்டை இந்தியா நடத்தியது. மத்திய ஆசிய வலசைப் பாதைக்கான தேசியச் செயல் திட்டம் 2018இலேயே வெளியிடப்பட்டது. இவற்றின்படி கோடியக்கரையில் என்ன நடந்தது என்பதை மாவட்ட அளவில் ஒரு பக்க அறிக்கையாகவாவது பொதுமக்களுக்கு வெளியிட வேண்டுகிறோம்.

மேற்கண்டவை குறித்துப் பேச, வனத்துறை, நீர்வளத்துறை, மீன்வளத்துறை, உப்பு உற்பத்தியாளர்கள், மீனவப் பஞ்சாயத்தார், எங்கள் சங்கம் ஆகியோர் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றை ஆவணி முடிவதற்குள் வேதாரண்யத்திலேயே கூட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நாகப்பட்டினத்தில் வைத்தால் ஒரு நாள் கூலியை விட்டு உப்பளத்திலிருந்து எவராலும் வர இயலாது. கடந்த பருவங்களில் எங்கள் உறுப்பினர்கள் எழுதிவைத்த களக்குறிப்பேடுகளின் நகல்களைக் கூட்டத்தில் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம்.

இடம்: வேதாரண்யம்

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் சங்க உறுப்பினர்கள்

நகல்: வனச்சரக அலுவலர், கோடியக்கரை, வட்டாட்சியர், வேதாரண்யம், ஊராட்சி மன்றத் தலைவர்கள், கோடியக்கரை மற்றும் கோடியக்காடு.