வயிறும் மனசும் சம்பளப் பேச்சுக்கு வெளியே இல்லை



தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் சம்பளம், கொழுந்து நிறுவை, லயத்துக் கூரை என்று பேசுகிறோம். கூட்டம் கலைந்த பிறகுதான் வேறு சில கேள்விகள் வருகின்றன. அதுவும் மெதுவான குரலில். "புள்ளைக்கு ரத்தம் கொறைவுன்னு மிட்வைஃப் அம்மா சொல்றாங்க, என்ன குடுக்கிறது?" "காப்புறுதி போடச் சொல்லி டவுன்ல இருந்து ஆள் வந்துச்சு, போடலாமா?" "வீட்டுக்காரரு ரெண்டு மாசமா தூங்கவே மாட்டேங்குறாரு, எங்க கூட்டிட்டுப் போறது?"

எந்த டிவிஷனுக்குப் போனாலும் இந்தக் கேள்விகள்தான். சாப்பாடு, வைத்தியச் செலவு, மனசு ஆகிய மூன்றையும் வீட்டு விஷயம் என்று நாம் ஒதுக்கி வைத்துவிட்டதால்தான் அவை கூட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அவை தொழில் உரிமை விஷயங்கள், அவற்றுக்கு நிகழ்ச்சி நிரலில் இடம் வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

சாப்பாடு

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் அது 31.7 சதவீதம். அதாவது நம் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர். முதலாம் ஆண்டு வகுப்பில் நிற்கிற நாங்கள் இந்தக் கணக்கைத் தினமும் கண்ணால் பார்க்கிறோம்.

கூட்டம் நடத்த வருபவர்கள் பால், முட்டை, பழம், மீன் என்று படம் காட்டிவிட்டுப் போகிறார்கள். அவை நல்ல சாப்பாடு என்பது நம் தாய்மாருக்குத் தெரியாததா? தெரிவதற்கும் வாங்குவதற்கும் இடையில் கடைக் கடன் நிற்கிறது. ஆனாலும், கையில் இருப்பதை வைத்தே செய்யக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன.

நாம் பறிக்கிற தேயிலைதான் முதலாவது. ரொட்டியோடு சாயத் தண்ணி குடித்தால், அந்தச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும். இரத்தம் குறைந்தவர்கள், கர்ப்பிணித் தாய்மார், வளர்கிற பெண் பிள்ளைகள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடிப்பது நல்லது. கிளினிக்கில் தருகிற இரும்புச் சத்து மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். கீரையிலும் பருப்பிலும் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால், அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

இரண்டாவது, கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. அதோடு கடலை, கௌபி, பயறு, பருப்பு, நெத்தலி இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் சேர வேண்டும். வல்லாரையும் பொன்னாங்காணியும் காசு கேட்காமல் வளர்கின்றன. ஆனால் மருந்தடித்த மலையின் ஓரத்தில் பறிக்காதீர்கள். வீட்டுப் பக்கத்தில் ஒரு பாத்தி போதும்.

மூன்றாவது, திரிபோஷா. அது தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் என்று கணக்குப் பார்த்துத் தரப்படுகிறது. வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொண்டால், யாருக்காகத் தந்தார்களோ அவர்களுக்குப் போதாமல் போகும். பசிக்கிற வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஒளித்து வைத்துக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சங்கத்தின் விஷயம் என்கிறோம்.

வேலைத்தளத்தையும் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டிப் பெரட்டுக்கு ஓடுகிற பெண், மலையில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? கை கழுவத் தண்ணீர் எங்கே? மலசலகூடம் இல்லாததால், எழுந்து போக வேண்டி வரும் என்று பயந்து நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே கொழுந்து பறிக்கிறவர்கள் எத்தனை பேர்? சிறுநீர் எரிச்சல் என்று மருந்தகத்துக்குப் போனால் "நிறையத் தண்ணி குடிங்க" என்கிறார்கள். குடிக்கலாம். போவதற்கு இடம் வேண்டுமே!

காப்புறுதி

காப்புறுதி முகவர் லயத்துக்கு வந்தால் விரட்ட வேண்டியதில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன், நம்மிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நம் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தொழில் தருநர் தன் பணத்தில் கட்ட வேண்டும். நம் சம்பளத்தில் இதற்காக ஒரு சதமும் வெட்டக் கூடாது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு பேருக்கு 40 ரூபா 50 சதம். 25 நாள் வேலை செய்தால் 1012 ரூபா 50 சதம். வேலையை விட்டு நிற்கும்போது எடுக்கிற காசு என்றுதான் நம்மில் பலர் இதை நினைத்திருக்கிறோம். வேலையில் இருக்கும்போதே இதனால் பயன் உண்டு. இருதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வில்லை வைத்தல், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை, நிரந்தர இயலாமை, சேவையில் இருக்கும்போது மரணம் ஆகியவற்றுக்கு நிதியம் உதவி வழங்குகிறது.

ஆனால் நம் பெயரில் பணம் ஒழுங்காகக் கட்டுப்பட்டிருந்தால்தான் அந்த உதவியைக் கேட்க முடியும். அரசுக்குச் சொந்தமான தோட்டங்களிலேயே ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். நிலுவைகள் ஆண்டுக் கணக்கில் பேசப்பட்டு வருகின்றன. இன்னொரு வில்லங்கம் பெயர். செக்ரோலில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. நல்லா இருக்கும்போது இதை யாரும் கவனிப்பதில்லை. ஆள் வைத்தியசாலையில் கிடக்கும்போதுதான் "இது நீங்கதான் என்று நிரூபியுங்கள்" என்பார்கள். ஆகவே, இன்றைக்கே மூன்றையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வைத்தியசாலையில் துண்டு வெட்டும்போது தருகிற அட்டையையும் பற்றுச்சீட்டுகளையும் எறியாமல் வையுங்கள். விண்ணப்பத்துக்குக் கால எல்லை உண்டு.

இரண்டாவது, வேலையில் ஏற்படும் விபத்து. குளவி கொட்டினாலும், மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தாலும், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். விபத்து நடந்த அன்றே அது தோட்டத்துப் பதிவில் ஏறியதா என்று கமிட்டித் தலைவர் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பாடசாலை மாணவர்களுக்கான சுரக்ஷா காப்புறுதி. 2017இல் தொடங்கியது, இடையில் நின்று மீண்டும் வந்திருக்கிறது. பிள்ளை வைத்தியசாலையில் தங்கியிருந்தால், வகுப்பாசிரியரிடம் படிவம் கேளுங்கள். நான்காவது, ஜனாதிபதி நிதியம். இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகளுக்கான உதவிக்கு இப்போது பிரதேச செயலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகும் தனியாரிடம் காப்புறுதி போட விரும்பினால் போடுங்கள். ஆனால் முகவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இரண்டு மாதம் கட்டாவிட்டால் என்ன ஆகும்? இப்போதே இருக்கிற சீனி வருத்தம், பிரஷருக்கு இது பொருந்துமா? சேர்ந்து எத்தனை மாதத்தின் பின் உரிமை கோரலாம்? பத்திரத்தைத் தமிழில் தருவீர்களா? நான்காவதுக்கு "இல்லை" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கைக்காசுக்குப் பறிப்பதும், தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்துக்கு விலை போடுவதும் தோட்டங்களில் பரவி வருகின்றன. கைக்கு வருகிற காசு கூடுதலாகத் தெரியும். அந்தக் கணக்கில் ஈ.பி.எஃப். எங்கே, ஈ.டி.எஃப். எங்கே என்று தேடிப் பாருங்கள். ஈ.பி.எஃப். சட்டம் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, தற்காலிகமாகவும் துண்டுக் கணக்கிலும் வேலை செய்பவருக்கும் உரியது. "நீ இனித் தொழிலாளி இல்லை, உற்பத்தியாளர்" என்று பெயரை மாற்றிவிட்டால், அந்தப் பாதுகாப்பெல்லாம் ஒரே நாளில் போய்விடும். அடுத்த நாள் குளவி கொட்டினால் யாரிடம் போவது?

மனசு

"மனசு சரியில்ல" என்று நம் மக்கள் சொல்கிறார்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது அதுவே தலைவலியாக, நெஞ்சுப் படபடப்பாக, கை கால் குடைச்சலாக மாறிவிடுகிறது. பெனடோல் தந்து அனுப்புகிறார்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மனசில் உள்ளதை அரைகுறைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. மனநலக் கிளினிக்கின் வாசலில் அது நின்றுவிடக் கூடாது.

மனசு நோவதற்குக் காரணங்கள் கண் முன்னே இருக்கின்றன. கிழமைக் கிழமை கதவைத் தட்டுகிற நுண்கடன். வெளிநாட்டில் அம்மா, குடியில் அப்பா, வகுப்பில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. கொழும்புக் கடையில் வேலை போய்த் திரும்பி வந்த இளைஞன். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தயில் மண் சரிந்ததற்குப் பிறகு, மலைக்குக் கீழே லயத்தில் இருக்கிறவர்கள் மழை இரவில் தூங்காமல் விழித்திருப்பதைப் பைத்தியம் என்று யார் சொல்ல முடியும்? பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு மருந்தும் வேண்டும், பாதுகாப்பான வீடும் வேண்டும்.

கோடாங்கியிடம் பார்ப்பதையும் கோயிலில் கயிறு கட்டுவதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அது ஆறுதல் தருமானால் செய்யுங்கள். அதோடு கிளினிக்குக்கும் போங்கள். இரண்டு கிழமைக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, வேலைக்குப் போக மனமில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். "இருந்து என்ன பிரயோசனம்" என்று ஒருவர் சொன்னால், அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். உயிரை விட நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனசில் உள்ளதைச் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அவசரம் என்றால் 1990 அம்பியூலன்ஸ், காசில்லாமல் வரும்.

பொலிசுக்குப் பயந்து இன்னும் சில வீடுகளில் இப்படியான விஷயங்களை மறைக்கிறார்கள். உயிரை விட முயல்வது 1998இலிருந்து இலங்கையில் குற்றம் இல்லை. அவர் நோயாளி, அவருக்கு வேண்டியது சிகிச்சை. இன்னொன்றையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிநாசினிகளையும் களைநாசினிகளையும் ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, அந்தச் சாவுகள் பெருமளவில் குறைந்தன. நஞ்சு கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால், அந்த ஒரு கெட்ட நேரம் கடந்து போகும். ஆகவே, தோட்டத்து மருந்துக் களஞ்சியம் பூட்டியிருக்க வேண்டும் என்பது ஒரு உயிர்க் கோரிக்கை. மிச்ச மருந்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுவரவும் கூடாது.

முதலில் சம்பளம், மற்றது பிறகா?

"முதலில் சம்பளத்தை வாங்குவோம், இதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். சம்பளம் முதன்மையானது என்பதில் எங்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் 1939இல் வந்த பிரசவ நன்மைச் சட்டம், 1958இன் ஈ.பி.எஃப்., 1980இன் ஈ.டி.எஃப்., 1984இல் பெண்களுக்குக் கிடைத்த சம சம்பளம் இவையெல்லாம் "பிறகு" என்று தள்ளி வைக்கப்பட்டிருந்தால் இன்று நம் கையில் என்ன இருந்திருக்கும்? கூடிய சம்பளம் வந்தும், அது மருந்துக் கடைக்கும் முச்சக்கர வண்டிக்கும் போய்விட்டால் கூடியது என்ன?

ஆகவே, அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இவை ஏற வேண்டும்:

ஒன்று, கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு மலையிலும் குடிதண்ணீர், மலசலகூடம், உட்கார்ந்து சாப்பிட ஒரு கூரை.

இரண்டு, ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். கட்டிய விபரத்தைத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் தமிழில் தருதல். பெயர் திருத்தத்துக்குத் தோட்டத்திலேயே நடமாடும் சேவை.

மூன்று, கிளினிக் அட்டையோடு போகும் நாளில் பேரை வெட்டாதிருத்தல்.

நான்கு, தோட்ட மக்கள் போகிற ஆதார வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் மனநல உத்தியோகத்தர். மாதத்துக்கு ஒரு முறையாவது தோட்டத்து மருந்தகத்தில் கிளினிக்.

ஐந்து, எந்தப் புதிய வேலை முறை வந்தாலும் இந்தப் பாதுகாப்புகளில் ஒன்றும் குறையாதிருத்தல்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இரண்டு பேரைத் தெரிவு செய்யட்டும். அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். படிவங்கள், தொலைபேசி இலக்கங்கள், கிளினிக் நாட்கள் எல்லாம் அவர்களிடம் ஒரு கோப்பில் இருக்கட்டும். யாரும் வாசலில் நின்று மெதுவாகக் கேட்க வேண்டிய நிலை இனி வேண்டாம். வரும் மாதக் கூட்டத்தில் முதல் விஷயமாக இதை எடுங்கள். சம்பளம் இரண்டாவதாக வரட்டும், ஒரு நாளைக்கு மட்டும்.